தட்டு பெரிதானால் வண்டி பெரிதாகிவிடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில வாரங்களுக்கு முன் தங்கள் நாளிதழின் ஞாயிறு பதிப்பில் கேரவன் சுற்றுலாவைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. வட அமெரிக்காவில் பிக்கப் வண்டியின் பின்தொட்டியில் பிப்த்வீல் தட்டைப் பொருத்தி, சமையலறையும் படுக்கையறையும் உள்ள இழுவை வீட்டை ஊர் ஊராக இழுத்துச் செல்லும் முறையை எழுதியவர் சுவையாகவே விவரித்திருந்தார். ஆனால், தட்டு எவ்வளவு பெரிதோ அவ்வளவு பாதுகாப்பு என்ற பொருளில் அதில் ஒரு வரி இருந்தது. ஜொகூரின் லாபிஸ் வட்டாரச் செம்பனை ஆலைகளிலிருந்து பாசிர் கூடாங் துறைமுகத்திற்குக் கச்சா செம்பனை எண்ணெய் ஏற்றிச் சென்ற டாங்கி டிரெய்லரை இருபத்தெட்டு ஆண்டுகள் ஓட்டியவன் என்ற முறையில், அந்த வரியை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

பிப்த்வீலை ஐந்தாம் சக்கரம் என்று மொழிபெயர்க்கலாம். ஆனால் அது உருளும் சக்கரம் அல்ல. குதிரை வண்டிக் காலத்தில் முன்னச்சு இடமும் வலமும் திரும்புவதற்காக அதன்மேல் கிடையாக வைத்த வளையத்துக்கு ஏற்பட்ட பெயர், பின்னர் டிரெய்லரை இழுக்கும் லோரித் தலையின் முதுகில் இருக்கும் இந்த இரும்புத் தட்டுக்கு வந்து சேர்ந்தது. டிரெய்லரின் அடியில் தொங்கும் கிங்பின் என்ற இரும்பு முளை இந்தத் தட்டின் பிளவுக்குள் நுழைந்ததும், தட்டின் பூட்டுத் தாடை மூடிக்கொள்கிறது. இழுவை வீட்டுக்கும் இதே ஏற்பாடுதான். விமானம் கட்டிப் புகழ்பெற்ற கிளென் கர்ட்டிஸ் 1920களின் இறுதியில் ஃபுளோரிடாவில் ஏரோகார் என்ற இழுவை வீட்டை உருவாக்கியபோது, விமானச் சக்கரம் ஒன்றையே கிடையாகப் படுக்க வைத்து இணைப்பாகப் பயன்படுத்தினார். அவருடைய வண்டியில் மட்டும் அது பெயருக்கேற்ற சக்கரமாகவே இருந்தது போலும்.

தட்டைத் தேர்ந்தெடுப்பதில் முதலில் பார்க்க வேண்டியது முன்பாரம். எங்கள் அப்பா தோட்டத்தில் மாட்டு வண்டி ஓட்டியவர். விறகு ஏற்றும்போது நுகத்தடியை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, முன்பாரம் அதிகமென்றால் நாலு கட்டையைப் பின்னுக்குத் தள்ளுவார். பின்பாரமாகி நுகம் மேலே எழும்பினால் மறுபடி முன்னுக்கு இழுப்பார். மாட்டின் கழுத்தில் எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் அவருக்குக் கணக்கே தவிர, வண்டியில் மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்பது அதற்கு அடுத்த கேள்வி. டிரெய்லரிலும் இழுக்கும் எடை வேறு, முதுகில் இறங்கும் எடை வேறு. பம்பருக்குப் பின்னால் உருண்டையில் மாட்டி இழுக்கும் சாதாரணக் கேரவனில், அதன் மொத்த எடையில் நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து பங்கு வரை இழுக்கும் வண்டியின்மேல் இறங்குகிறது. பிப்த்வீல் வகையில் இது பதினைந்திலிருந்து இருபத்தைந்து வரை போகும். கணக்குப் போடும்போது இருபதுக்குக் குறையாமல் வைத்துக்கொள்வதே நல்லது. அந்தப் பாரம் பம்பரைத் தொங்கவிட்டு இழுக்காமல் பின்னச்சின்மேல் நேராக உட்காருவதால்தான் இவ்வகை வண்டி நெடுஞ்சாலையில் வால் ஆட்டாமல் வருகிறது. ஆகவே முன்பாரத்தைக் குறைத்துத் தப்பிக்கவும் முடியாது. அதைச் சுமக்கக்கூடிய வண்டி வேண்டும்.

இதை எனக்குத் தெளிவாக்கியது எங்கள் குடும்பத்திலேயே நடந்த ஒரு விஷயம். என் அக்காள் மகன் கனடாவில் அல்பர்ட்டா மாகாணத்தில் வேலை செய்கிறான். சென்ற ஆண்டு ஓர் இழுவை வீட்டுக்கு விலை பேசிவிட்டு, "மாமா, 24,000 பவுண்டு தாங்கும் தட்டையே வாங்கிவிட்டேன், இனிக் கவலையில்லை" என்று வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினான். 24,000 பவுண்டு என்றால் ஏறக்குறைய 10,900 கிலோ. அவன் பேசி வைத்திருந்த வீடு, சாமான்களோடு 6,000 கிலோ. அவனுடைய பிக்கப்பைத் தயாரித்தவர்கள் விளம்பரத்தில் போட்டிருந்த இழுவைத் திறனும் அதற்கு மேல்தான் இருந்தது. எல்லாம் பொருந்தி வருவது போலத்தான் தோன்றும்.

நான் அவனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படம் பிடித்து அனுப்பு என்றேன். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இந்த வண்டி எத்தனை கிலோவுக்கு மேல் சுமக்கக் கூடாது என்று அங்கே எழுதியிருப்பார்கள். அவன் வண்டிச் சீட்டில் 1,300 கிலோ என்று இருந்தது. இப்போது கணக்கைப் பாருங்கள். 6,000 கிலோவில் நூற்றுக்கு இருபது பங்கு முன்பாரம் 1,200 கிலோ. தட்டும் அதைத் தாங்கும் சட்டமும் சேர்ந்து 105 கிலோ. அவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், கையில் எடுத்துச் செல்லும் பைகள் எல்லாம் சேர்ந்து 260 கிலோ. கூட்டினால் 1,565. வண்டி சுமக்க அனுமதித்த எடையைவிட 265 கிலோ கூடுதல். தட்டு 10,900 கிலோ தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் தட்டுக்குக் கீழே இருக்கும் ஸ்பிரிங், அச்சு, பேரிங், டயர் எல்லாம் அதே பழையவைதாம். பெரிய தட்டு வாங்கியதால் கிடைத்த பலன், வண்டியின் முதுகில் இன்னும் சில கிலோ இரும்பு ஏறியதுதான்.

விற்றவர் இதைச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. என் மருமகனைத் திட்டியும் பயனில்லை, ஏனென்றால் விளம்பரத் தாள்களில் இழுவைத் திறன் பெரிய எழுத்தில் இருக்கும், சுமக்கும் திறன் கதவிடுக்கில் இருக்கும். இறுதியில் அவன் வீட்டை மாற்றினான். 4,400 கிலோ வீட்டின் முன்பாரம் 880 கிலோ; அதே தட்டு, அதே குடும்பம் சேர்த்து 1,245 கிலோ. மிச்சம் இருப்பது 55 கிலோ, அதாவது நம் கடையில் வாங்கும் 10 கிலோ அரிசிப் பை ஐந்துக்குத்தான் இடம். அதையும் நிரப்பிவிடாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

எடைக் கணக்கு முடிந்த பிறகே தட்டின் வகையைப் பேச வேண்டும். இழுவை வீட்டுத் தட்டுகள் 16,000, 20,000, 24,000 பவுண்டு என்று எண்ணிட்டு வருகின்றன. வீட்டின் முழு எடைக்கு மேல் ஓரளவு கையிருப்பு வைத்து ஒரு படி உயர்ந்ததை எடுத்தால் போதும். அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்தின் எஸ்.ஏ.இ. ஜே 2638 என்ற சோதனை விதிப்படி பரிசோதிக்கப்பட்டது என்ற குறிப்பு அதில் இருக்கிறதா என்று பார்ப்பது, எண்ணைப் பெரிதாக்குவதைவிட முக்கியம். தட்டு முன்னும் பின்னும் மட்டும் சாய்கிறதா, பக்கவாட்டிலும் சாய்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். மேடு பள்ளமான முகாம் திடலில் வீட்டை மாட்டுவதற்குப் பக்கவாட்டுச் சாய்வு பெரிய உதவி. தாடை கிங்பின்னைச் சுற்றி முழுவதும் பிடிப்பதாக இருந்தால் ஓட்டத்தில் குலுக்கலும் சத்தமும் குறையும்.

என் மருமகனுடைய பிக்கப்பின் தொட்டி ஆறரை அடி. எட்டடித் தொட்டி உள்ள வண்டியில் திருப்பத்தில் சங்கடம் பெரிதாக இல்லை. ஆறரை அடியில், வண்டியை மடித்துத் திருப்பும்போது வீட்டின் முன்மூலை கேபினின் பின்கண்ணாடியை வந்து இடித்துவிடும். கிங்பின்னிலிருந்து கேபின் வரை உள்ள தூரத்தையும் வீட்டின் அகலத்தில் பாதியையும் அளந்து பார்த்தால் விஷயம் விளங்கும். எட்டரை அடி அகல வீட்டில் பாதி ஏறக்குறைய 1.3 மீட்டர், தூரம் அதற்குக் குறைவாக இருந்தால், திரும்பும்போது தட்டு பின்னுக்கு நகரும் சறுக்குத் தட்டு தேவை. மூலை வளைத்துக் கட்டப்பட்ட வீடுகளுக்கு இதில் சற்றுச் சலுகை உண்டு. நிரந்தரமாகவே தட்டைப் பின்னுக்குத் தள்ளிப் பொருத்திவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். கூடாது. தட்டின் நடு, பின்னச்சுக்கு நேர்மேலே அல்லது சில அங்குலம் முன்னே இருக்க வேண்டும். அச்சுக்குப் பின்னே போனால் முன்சக்கரம் மேலே எழும்பி ஸ்டீயரிங் கைக்கு லேசாகிவிடும். அப்பா சொன்ன பின்பாரம் இதுதான். மாட்டின் கழுத்தை நுகம் மேலே தூக்குவது போல.

இதையெல்லாம் கனடாவுக்குப் போனவர்களின் கவலை என்று நம் வாசகர்கள் ஒதுக்கிவிடக் கூடாது. எங்கள் ஊரிலேயே ஓர் இளைஞர், தோட்டத்தில் ஓடும் நான்கு சக்கர இயக்கப் பிக்கப் ஒன்றின் பின்தொட்டியில் தட்டைப் பற்றவைத்துச் சிறிய இழுவை வீடு கட்டலாமா என்று என்னிடம் யோசனை கேட்டார். நம் மலேசியாவில் ஓடும் இரட்டைக் கேபின் பிக்கப்பின் தொட்டி ஒன்றரை மீட்டர் நீளம்தான் இருக்கும். சுமக்கும் திறன் ஒரு டன் அளவு. தொட்டியின் அடித்தகடு மெல்லியது. தட்டின் சட்டத்தை அதன் வழியாகக் கீழே இறக்கி, வண்டியின் அடிச்சட்டமான சேசிஸோடு போல்ட்டு போட்டு முறுக்க வேண்டுமே தவிர, தகட்டின்மேல் பற்றவைப்பது காகிதத்தில் ஆணி அடிப்பதற்குச் சமம். சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.யின் ஒப்புதல் இல்லாமல் வண்டியை இப்படி மாற்றியமைக்கவும் முடியாது, பதிவில்லாத டிரெய்லரைச் சாலையில் இழுக்கவும் முடியாது. அவர் இப்போது ஒரு பழைய வேனைப் படுக்கை வண்டியாக மாற்றும் யோசனையில் இருக்கிறார். அது வேறு கதை.

எங்கள் பிழைப்பான எண்ணெய் லோரிக்கு வருகிறேன். இங்கே தவறு எதிர்ப்பக்கத்தில் நடக்கிறது. கேரவன்காரர் தேவைக்கு மேல் பெரிய தட்டை வாங்குகிறார்; நம் சிறு முதலாளிகள் இருக்கிற தட்டையே கவனிப்பதில்லை. ரீகண்டிஷன் லோரித் தலை வாங்கப் போகும்போது இஞ்சின் சத்தத்தை அரை மணி நேரம் கேட்பார்கள், கியர்பாக்ஸைப் போட்டுப் பார்ப்பார்கள், டயரை உதைத்துப் பார்ப்பார்கள். தட்டின் பக்கம் திரும்பினால் அதில் கிரீஸ் தடவியிருக்கும், அத்தோடு சரி.

லோரித் தட்டுக்கும் கணக்கு உண்டு. ஐரோப்பிய விதிப்படி தட்டின் தாங்கும் வலிமையை டி மதிப்பு என்ற எண்ணால் கிலோநியூட்டனில் குறிப்பார்கள். தலையின் எடையை (தட்டில் இறங்கும் பாரமும் சேர்த்து) டிரெய்லரின் எடையால் பெருக்கி, அதை 0.6 ஆலும் 9.81 ஆலும் பெருக்கி, வந்ததை இரண்டு எடைகளின் கூட்டலிலிருந்து தட்டின் பாரத்தைக் கழித்த தொகையால் வகுக்க வேண்டும். உதாரணமாகத் தலை 18 டன், டிரெய்லர் 34 டன், தட்டில் இறங்குவது 10 டன் என்று வைத்தால் விடை ஏறக்குறைய 86 வரும். இரண்டு அங்குலக் கிங்பின்னுக்கான வழக்கமான தட்டுகள் 150 கிலோநியூட்டன் அளவுக்கு வருகின்றன. ஆகவே புதிய தட்டு நமக்குத் தாராளமாகவே போதும். அசாதாரணமான கனரக இழுவைக்கு உரிய மூன்றரை அங்குல வகையை வாங்கி வைக்க அவசியமில்லை. வாங்கினாலும் நம் டிரெய்லரின் இரண்டு அங்குலக் கிங்பின்னை அந்தத் தாடை பிடிக்காது.

ஆக, இங்கே கேள்வி அளவு அல்ல, தேய்மானம். புதிய கிங்பின்னின் குறுக்களவு 50.8 மில்லிமீட்டர். 49 மில்லிமீட்டருக்குத் தேய்ந்தால் மாற்றிவிட வேண்டும். இடையில் இருப்பது இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது, காலிப்பர் என்ற அளவுக் கருவியை வைத்துத்தான் அளக்க முடியும். தாடையும் சேர்ந்து தேய்ந்திருந்தால் பிரேக் போடும்போது பின்னாலிருந்து ஒரு குத்து, மறுபடி இழுக்கும்போது முன்னாலிருந்து ஒரு குத்து என்று இடுப்பில் வந்து சொல்லும். டாங்கி அரைகுறையாக நிரம்பியிருந்தால் எண்ணெயின் அலையும் அந்தக் குத்தோடு சேர்ந்துகொள்ளும். சாஆவுக்கும் யோங் பெங்கிற்கும் இடையே அந்தக் குத்தை வாங்கிக்கொண்டே மாதக் கணக்கில் ஓட்டிய ஓட்டுநர்கள் பலரை எனக்குத் தெரியும், நானும் ஒருவன்.

ஒருமுறை எங்கள் முதலாளிக்காகப் பழைய தட்டு ஒன்று வாங்க ஒரு கடைக்குப் போயிருந்தேன். புதியதன் விலையில் பாதிகூட இல்லை. கறுப்புச் சாயம் பளபளவென்று இருந்தது. உற்பத்தியாளரின் எண் பலகை இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ரிவெட்டுத் துளைகள் மட்டும் வாய் பிளந்து நின்றன. ஸ்குரூ டிரைவரின் முனையால் தாடையின் ஓரத்தில் சாயத்தைச் சுரண்டினேன். உள்ளே புழு நெளிந்தது போல வெல்டிங் தையல். தேய்ந்த இடத்தில் இரும்பை ஊற்றி நிரப்பி, அரம் போட்டு, சாயம் பூசியிருக்கிறார்கள். தயாரிப்பாளர்கள் தாடையில் வெல்டிங் வைக்கவே கூடாது என்கிறார்கள், ஏனென்றால் சூடுபட்ட இடத்தில் எஃகின் தன்மையே மாறிவிடும். கடைக்காரர் என்னிடம் சொன்ன பதில்: "அண்ணே, எல்லாரும் இதைத்தான் வாங்கிட்டுப் போறாங்க."

எண் பலகை இல்லாத தட்டை எந்த விலைக்கும் வாங்காதீர்கள் என்று சிறு லோரி முதலாளிகளைக் கேட்டுக்கொள்கிறேன். ஆறு மாதத்திற்கு ஒருமுறை வரும், வாகனப் பரிசோதனை நிறுவனமான புஸ்பாகோமின் பரிசோதனையை நம்பிக் காத்திராமல், கிரீஸைத் துடைத்துவிட்டு மாதம் ஒருமுறை காலிப்பர் வைத்துப் பார்ப்பதற்குப் பத்து நிமிடம் போதும். தங்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. வாகனப் பக்கத்தில் குதிரைத் திறனும் இழுவைத் திறனும் வெளியிடும்போது, சுமக்கும் திறனையும் கூடவே ஒரு வரி அச்சிடுங்கள்.

மிகச் சரியான தட்டைத் தேர்ந்தெடுத்தவருக்கும் வரக்கூடிய ஒரு விபத்தைச் சொல்லாமல் விட முடியவில்லை. 1996இல், தீபாவளிக்கு முந்தைய வாரம், விடியற்காலை நாலரை மணிக்கு, ஆலை முற்றத்தில் எண்ணெய் நிரப்பி நின்ற டாங்கியை மாட்டினேன். நல்ல மழை. முந்தைய ஓட்டுநருடைய லோரித் தலை உயரமானது. அவர் டிரெய்லரைத் தாங்கி நிற்கும் முட்டுக்காலை அதற்கேற்ப உயர்த்தி வைத்துவிட்டுப் போயிருந்தார். நான் பின்னுக்குச் சென்றதும் 'டக்' என்று சத்தம் வந்தது, பூட்டின் கைப்பிடியும் உள்ளே போனது போலத்தான் இருந்தது. கிங்பின் தாடைக்குள் இறங்காமல் அதன்மேலேயே உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது. மழையில் குனிந்து பார்க்கச் சோம்பல். காற்றுக் குழாய்களை மாட்டி, முட்டுக்காலைத் தூக்கி, எடைமேடையை நோக்கித் திருப்பினேன். திருப்பத்தில் டாங்கியின் மூக்கு தட்டிலிருந்து வழுக்கி, லோரியின் சேசிஸ்மேல் விழுந்தது. காற்றுக் குழாய்கள் நாண் போல இழுபட்டு ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. எடைமேடைக் கிராணி குடையோடு ஓடிவந்து நின்ற இடம், டாங்கி இன்னும் ஓரடி நகர்ந்திருந்தால் அவர்மேல் சாய்ந்திருக்கக்கூடிய இடம்.

அன்றிலிருந்து, மழையோ வெயிலோ, டார்ச் விளக்கோடு அடியில் குனியாமல் நான் முட்டுக்காலைத் தூக்கியதில்லை. தட்டுக்கும் டிரெய்லரின் அடித்தகட்டுக்கும் இடையே வெளிச்சம் தெரியக் கூடாது. தாடை கிங்பின்னின் பின்பக்கம் முழுவதும் மூடியிருக்க வேண்டும். பிறகு டிரெய்லர் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, முதல் கியரில் மெதுவாக இழுத்துப் பார்க்க வேண்டும். பிக்கப்பின் தொட்டியில் இருக்கும் தட்டுக்கும் இம்மூன்றும் பொருந்தும். அங்கே வீட்டின் மூக்கு விழுவது தொட்டியின் சுவர்மேல், அவ்வளவுதான் வித்தியாசம்.

என் மருமகன் முதல் பயணம் புறப்பட்ட அன்று, எனக்கு இரவு பத்து மணி இருக்கும், ஒரு படம் அனுப்பியிருந்தான். தொட்டிக்குள் குனிந்து டார்ச் அடித்து எடுத்த படம். தட்டுக்கு மேலே வெளிச்சம் இல்லை. தாடை மூடியிருந்தது. பெரிதாக்கி இரண்டு முறை பார்த்துவிட்டு, "சரி, கிளம்பு" என்று பதில் போட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டிரெய்லர் ஓட்டுநர்,
லாபிஸ், ஜொகூர்.